பொய் சாட்சி சொன்ன மீட்டர்

அத்தியாயம் 5

மீட்டரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

இசக்கிப்பாண்டி இருபத்தாறு வருடம் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சீட்டில் சேவல் உட்கார்ந்து வந்ததைப் பார்த்திருக்கிறார். கல்யாண வீட்டு அண்டாவுக்கு ஜன்னலோர சீட் கேட்டு ஒரு மாமனார் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறார். ஆனால் உள்ளங்கை அளவு மஞ்சள் மல்டிமீட்டர் ஒன்று, நெற்றியில் குங்குமமும் இடுப்பில் எலுமிச்சம்பழமுமாக, மெத்தை நாற்காலியில் சாய்ந்து மின்விசிறிக் காற்று வாங்குவதை அவர் அன்றுதான் பார்த்தார்.

“மேடம், இது நமக்கு கேஸ் குடுத்த ஆளா, நாம பிடிக்க வந்த ஆளா?” என்று வீரலட்சுமியின் காதோரம் கேட்டார்.

“ரெண்டும் இல்லண்ணே. சாட்சி.”

வீரலட்சுமிக்கு நாற்பது வயது. முன்பு இன்ஷூரன்ஸ் ஆபீசில் விசாரணை அதிகாரி. கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டதோடு நிறுத்தாமல் கேட்கக் கூடாத கேள்விகளையும் கேட்டதால், சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு விருதுநகரில் ஒரு எண்ணெய்க்கடை மாடியில் ‘வைரம் துப்பறியும் நிலையம்’ திறந்தாள். ரூட் நின்றுபோன மினி பஸ்ஸிலிருந்து இறங்கிய இசக்கிப்பாண்டி நேராக அங்கே உதவியாளராக ஏறிக்கொண்டார். போன மாதம்தான் இருவரும் காணாமல் போன ஒரு கிடாயைத் தேடிப் போய், அது கடைசியாக இருந்த பிரியாணி வரைக்கும் கண்டுபிடித்துப் பேர் வாங்கியிருந்தார்கள்.

இன்றைக்கு எம். புதுப்பட்டிப் பக்கம், ‘பொன்மணி பட்டாசு கம்பெனி’யின் ஆபீஸ் அறை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை.

“வாங்க, வாங்க. சாப்பிட்டீகளா? மொதல்ல இதைப் பிடிங்க” என்று முதலாளி காளிராஜ் ஆளுக்கொரு சாக்லேட் நீட்டினார். பச்சையும் தங்கமுமாய் மினுங்கும் தாள் சுற்றிய சாக்லேட். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலை. சட்டைப்பை மட்டும் சாக்லேட்டால் புடைத்திருந்தது. சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து தான் தின்ன முடியாததை ஊருக்கெல்லாம் தின்னக் கொடுத்துத் திருப்திப்படும் மனிதர்.

இசக்கிப்பாண்டி சாக்லேட்டை வாயில் போட்டு, தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிழித்த டிக்கெட்டைக்கூடக் கீழே போடாத பழக்கம்.

“விஷயத்துக்கு வாரேன்” என்றார் காளிராஜ். “இந்த மீட்டர் பொய் சொல்லுது. அதுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு நாலு மணிக்குள்ள கண்டுபிடிக்கணும்.”

வீரலட்சுமி முகம் மாறாமல் நோட்டை எடுத்தாள். இசக்கிப்பாண்டிக்குத்தான் சிரிப்பு தொண்டைவரை வந்து சாக்லேட்டோடு சேர்ந்து உள்ளே போனது.

பட்டாசு கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் சுவரில் ஒரு செப்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் அதில் கை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் தங்கியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கரண்ட், தகடு வழியாக, எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காமல் போனால் விரல் நுனியில் ஒரு சின்னப் பொறி போதும். உள்ளே இருப்பது மருந்து. காய்ச்சலுக்குக் கொடுக்கிற மருந்து அல்ல, வெடிக்கிற மருந்து. அதனால் தினமும் காலையில் மீட்டரின் ஒரு முனையைத் தகட்டிலும் மறு முனையை மண்ணில் இறங்கும் கம்பியிலும் வைத்துப் பார்ப்பார்கள். ‘பீப்’ என்று கத்தினால் ஒயர் சரி, கதவைத் திறக்கலாம். கத்தாவிட்டால் பூட்டு பூட்டாகவே இருக்கும்.

“மூணு நாளா இது கத்துது, கத்தல, கத்துது, கத்தல” என்றார் காளிராஜ். “அதைச் சாக்கா வச்சு அந்தப் பிள்ள நாப்பது ரூமையும் பூட்டிப் போட்டுருக்கா. சீசன் நேரம்! லோடு ஏத்த லாரி வந்து நிக்குது. இதுல வேடிக்கை என்னன்னா, இது என் கையில கத்தவே மாட்டேங்குது. அவ கையில மட்டும் கத்துது. நாய்க்குட்டியப் பழக்குற மாதிரி பழக்கி வச்சிருக்கா!”

“எந்தப் பிள்ள?”

“நான்தாங்க” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

கம்பெனி எலக்ட்ரீசியன் பாண்டிச்செல்வி. முப்பது வயதிருக்கும். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஏழு வருடமாக இங்கே எர்த் பார்க்கிறவள். காட்டன் சேலைமேல் காக்கிச் சட்டை, கையில் ஒரு ரெஜிஸ்டர். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத கண்.

“எதிர்க்கம்பெனிக்காரன் இவளை வளைச்சுட்டான்” என்றார் காளிராஜ். சட்டைப்பையில் சாக்லேட்டுகளுக்கு நடுவிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். “வேலைய விட்டு எடுக்குற லெட்டர். கையெழுத்துப் போட்டாச்சு. நாலு மணிக்கு இதை இவ கையில குடுத்துட்டு, மீட்டரும் வேணாம் மண்ணாங்கட்டியும் வேணாம்னு எல்லா ரூமையும் தொறந்துருவேன். மருந்து கலக்குற பதினேழாம் நம்பர்தான் மொதல்ல.”

பாண்டிச்செல்வி சட்டென்று கையை நீட்டினாள். பயத்தில் அல்ல, கோபத்தில்.

“லெட்டரை இப்பவே குடுங்க முதலாளி, வாங்கிக்கிடுதேன். பதினேழை மட்டும் தொறக்காதீக. அங்கன எங்க அக்கா குருவம்மா வேலை பாக்கா. அவளோட இன்னும் மூணு பேரு. பீப் வராம நான் அக்காவ உள்ள விடமாட்டேன்.”

இசக்கிப்பாண்டி சாக்லேட்டை மெல்வதை நிறுத்தினார். அதுவரை சிரிப்புக் கேஸாக இருந்தது, இப்போது அப்படி இல்லை என்று ஆகிவிட்டது.

வீரலட்சுமி அவளிடமிருந்து ரெஜிஸ்டரை வாங்கிப் புரட்டினாள். மூன்று நாள், நாற்பது அறை. ஒவ்வொரு அறைக்கும் தினமும் ஏழெட்டு முறை பார்த்து எழுதியிருந்தது. வருது, வரல, வருது, வருது, வரல. ஒரு இடத்தில் விரல் நின்றது. அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரெஜிஸ்டரை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“என்ன மேடம்?” என்றார் இசக்கிப்பாண்டி.

“அப்புறம். மொதல்ல சாட்சிய விசாரிப்போம்.”

நாற்காலியிலிருந்து மீட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எலுமிச்சம்பழத்தை அவிழ்த்தாள்.

“அது இருக்கன்குடி கோயில்ல வச்சுக் கும்பிட்ட பழம்!” என்று காளிராஜ் பதறினார்.

“பழம் நிரபராதி. போகட்டும்” என்றாள்.

பிறகு சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பிடித்தாள். மீட்டர் மௌனம் சாதித்தது. விட்டுவிட்டுத் தொட்டாள். பீப். மறுபடி தொட்டாள். மௌனம்.

“தகடு இல்ல, எர்த் ஒயர் இல்ல, மண்ணு இல்ல. ரெண்டு முனையும் நேரா முட்டுது. அப்பவும் விட்டு விட்டுத்தான் வருது. அப்ப கோளாறு மீட்டருக்குள்ள.”

“ஒயரை மாத்திப் பாத்துட்டேன் மேடம்” என்றாள் பாண்டிச்செல்வி. “பேட்டரி மூடி தனி, அதுல புதுசு போட்டாச்சு. திருகுற டயலையும் துடைச்சுப் போட்டேன். உள்ள தொறக்கலாம்னா, நான் தொறக்கக் கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டாக.”

“தடயத்தை அழிச்சுருவால்ல!” என்றார் காளிராஜ்.

“முதலாளி, நீங்க இதை எப்படிப் பிடிப்பீக? பிடிச்சுக் காட்டுங்க.”

குங்குமம் ஒட்டாமல் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார் காளிராஜ். முனைகளைச் சேர்த்தார்கள். சத்தம் இல்லை. பாண்டிச்செல்வியிடம் கொடுத்தார்கள். அவள் உள்ளங்கை முழுவதும் கொடுத்து இறுக்கிப் பிடித்தாள். பீப்!

“பாத்தீகளா? பாத்தீகளா?” என்று குதித்தார் முதலாளி.

“இசக்கியண்ணே, நீங்க பிடிங்க.”

இசக்கிப்பாண்டி வாங்கினார். இருபத்தாறு வருடப் பழக்கம் விடுமா? டிக்கெட் மிஷினைப் பிடிக்கிற பிடி தானாக வந்துவிட்டது. நான்கு விரலும் முதுகுப்பக்கம் அழுத்த, கட்டைவிரல் முன்னால். பீப் என்ற சத்தம் நிற்காமல் ஒலித்தது.

“இவரும் கூட்டு!” என்று அலறினார் காளிராஜ். “எதிர்க்கம்பெனி விருதுநகர் வரைக்கும் ஆள் வச்சிருக்கான்!”

“எனக்கு அந்தாளு இன்னும் ஒரு டீகூட வாங்கித் தரலைங்க” என்றார் இசக்கிப்பாண்டி.

“ஆள் காரணம் இல்ல முதலாளி, பிடிதான் காரணம்” என்றாள் வீரலட்சுமி. “முதுகுல அழுத்துனா கத்துது. அழுத்தலேன்னா வாய மூடிக்கிடுது. உள்ள ஏதோ ஒண்ணு முட்டியும் முட்டாம இருக்கு. திருப்புங்க.”

திருப்பினார்கள். முதுகில் இரண்டு ஸ்க்ரூ இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. மற்ற ஓட்டைமேல் ‘பொன்மணி சங்குசக்கரம்’ லேபிள் ஒன்றைப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள்.

“நான் லீவுல போனப்ப ரெண்டு ஸ்க்ரூவும் இருந்துச்சு” என்றாள் பாண்டிச்செல்வி. “போன வாரம் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து, ரெண்டு நாள் லீவு. அதுக்கு முன்னால இதுல பியூஸ் போயிருந்துச்சு. இந்த மாடல்ல எதை அளந்தாலும் அந்த ஒரு பியூஸ் வழியாத்தான் போகணும். புதுசு வேணும்னு ஸ்டோருக்கு இண்டென்ட் சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போனேன். வந்து பாத்தா மீட்டர் கத்துச்சு. சரி, புது பியூஸ் போட்டுட்டாகன்னு நெனச்சேன்.”

“ஸ்டோர்ல யாரு?”

“கருப்பணன்” என்றார் முதலாளி, அவ்வளவு சுரத்தில்லாமல்.

ஸ்டோர்கீப்பர் கருப்பணன் வந்து சேர்ந்தார். காதில் பென்சில், கையில் இண்டென்ட் கட்டு. கேட்டதை அளந்து கொடுத்து, எழுதியதை எழுதியபடி வைத்திருக்கும் மனிதர் என்பது அவர் நிற்கும் நிலையிலேயே தெரிந்தது.

வீரலட்சுமி லேபிளை உரித்து, மிச்சமிருந்த ஒரு ஸ்க்ரூவையும் கழற்றி, மூடியை எடுத்தாள். ஐந்து தலைகள் மேஜைமேல் குனிந்தன.

பியூஸ் இருக்க வேண்டிய இரண்டு பற்களுக்கு நடுவே, கண்ணாடிக் குழாய்க்குப் பதிலாக, பளபளவென்று தாள் சுற்றிய ஒரு குட்டி உருளை படுத்திருந்தது. அதன் ஒரு முனையிலிருந்து பச்சை நூல் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது.

கருப்பணன்தான் முதலில் அடையாளம் கண்டார்.

“யாத்தே! திரி!”

அடுத்த மூன்று வினாடியில் நடந்தது இதுதான். கருப்பணன் வாசலைத் தாண்டி வேப்பமரத்தடியில் நின்றார். பாண்டிச்செல்வி மூலையிலிருந்த சிவப்பு வாளியைத் தூக்கி மேஜைமேல் மணலைக் கொட்டிவிட்டு ஓடினாள். இசக்கிப்பாண்டி ஓடினார். துப்பறியும் நிபுணர் வீரலட்சுமி, இதைச் சொல்லாமல் மறைக்க முடியாது, எல்லாரையும் முந்திக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதித்தாள்.

ஒன்றும் வெடிக்கவில்லை. மணலுக்குள்ளிருந்து ஒரு சின்ன ‘பீப்’ மட்டும் வந்தது.

“அதுக்குள்ள இருக்குற பேட்டரிக்கெல்லாம் திரி பத்திக்கிடாது. பத்துறதா இருந்தா மூணு நாளைக்கு முன்னாலயே பத்தியிருக்கும்” என்று சேலையைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள் வீரலட்சுமி.

“அப்ப எதுக்கு மேடம் குதிச்சீக?”

“யோசிச்சது குதிச்சதுக்கு அப்புறம்ண்ணே.”

“இந்தக் கம்பெனி எத்தனையோ பட்டாசு செஞ்சிருக்கும்” என்றார் இசக்கிப்பாண்டி, மணலைத் தள்ளி மீட்டரை எடுத்தபடி. “ரூம் ரூமா நடந்து போயி, எர்த் சரியா இருக்கான்னு விசாரிச்சுட்டு வர்ற பட்டாசு இது ஒண்ணுதான்.”

யாரும் சிரிக்கவில்லை. மருந்து கிடந்த நாற்பது அறைகளின் வாசலுக்கும் திரி வைத்த மீட்டரைத் தானே கையில் கொண்டு போயிருக்கிறோம் என்பது பாண்டிச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. சுவரில் சாய்ந்து நின்றாள்.

“கருப்பணன், அந்த இண்டென்டை எடுங்க” என்றாள் வீரலட்சுமி.

கருப்பணன் கட்டைப் புரட்டி ஒரு சீட்டை உருவினார். பாண்டிச்செல்வியின் கையெழுத்தில் ஒரே வரி. ‘மீட்டர் பியூஸ் – 2.’

“இதுக்கு என்ன குடுத்தீக?”

“எழுதியிருக்கதைக் குடுத்தேன்” என்றார் கருப்பணன், கொஞ்சம் ரோஷத்தோடு. “ரெண்டு மீட்டர் பியூஸ். ஸ்கேல் வச்சு அளந்து வெட்டினேன். ஒரு இஞ்ச் கூடுதலாவே இருக்கும்.”

இசக்கிப்பாண்டி கண்ணை மூடித் திறந்தார்.

“ஏலே கருப்பணா, எலக்ட்ரீசியன் எதுக்குலே ரெண்டு மீட்டர் திரி கேக்கப் போறா?”

“நான் ஏன் அண்ணாச்சி கேக்கணும்? ஸ்டோர் ரெஜிஸ்டர்ல ‘ஏன்’னு ஒரு கட்டமே கிடையாது. போன வருசம் முதலாளி மெட்ராஸ்ல மூணு நாள் டிரெய்னிங் போயிட்டு வந்து, ரெஜிஸ்டர்ல தமிழ்ல எழுதுனா வெளிநாட்டு ஆர்டர் வராதுன்னு எல்லாத்தையும் மாத்தச் சொல்லிட்டாக. மருந்துன்னா கெமிக்கல். குழாய்ன்னா ட்யூப். திரின்னா பியூஸ். மறந்து ‘திரி’ன்னு எழுதுனா அடிச்சுத் திருப்பி அனுப்புறாக. எங்க ஸ்டோர்ல பியூஸ்னா அது ஒண்ணுதான்!”

எல்லாருடைய கண்ணும் முதலாளி பக்கம் திரும்பியது. காளிராஜ் மின்விசிறியைப் பார்த்தார்.

“சரி, ரெண்டு மீட்டர் திரி எலக்ட்ரிக் ரூமுக்கு வந்துச்சு. செல்வி லீவு” என்றாள் வீரலட்சுமி. “அதை வெட்டி, தாள் சுத்தி, இதுக்குள்ள வச்சது யாரு?”

கருப்பணன் காதிலிருந்த பென்சிலை எடுத்து அதன் முனையை மிகக் கவனமாக ஆராயத் தொடங்கினார்.

“நீங்க சொல்ல வேணாம், நான் சொல்றேன்” என்றாள். “மூடியத் திறந்ததும் திரியப் பாத்து நாங்க நாலு பேரும் ஓடினோம். பட்டாசுக் கம்பெனியில வேலை பாக்கவங்களும் ஓடினாக, பட்டாசப் பத்தி ஒண்ணும் தெரியாத நாங்களும் ஓடினோம். ஒருத்தர் மட்டும் இருந்த எடத்தை விட்டு அசையல. உள்ள என்ன இருக்குன்னு அவருக்கு முன்னமே தெரியும். இசக்கியண்ணே, உங்க சட்டைப்பையில இருக்குற தாளை எடுங்க.”

இசக்கிப்பாண்டி எடுத்தார். வீரலட்சுமி உருளையில் சுற்றியிருந்த தாளைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் பச்சையும் தங்கமுமாய் ஒன்றுபோல மினுங்கின.

காளிராஜ் மாட்டிக்கொண்டவரைப் போல இல்லாமல், பாராட்டு தாமதமாக வந்துவிட்டவரைப் போல நெஞ்சை நிமிர்த்தினார்.

“ஆமா, நான்தான் ரிப்பேர் பண்ணேன். அதுல என்ன தப்பு? மொதல்ல வெறும் திரிய வச்சுப் பாத்தேன், கத்தல. அப்புறம் சாக்லேட் தாள் சுத்தி வச்சேன். பீப்! யார் சொல்லித் தந்தா? என் மூளை! அப்படி அழகா பண்ணி வச்சதை இந்தப் பிள்ள வந்து கெடுத்துட்டாளேன்னுதான் உங்களையே கூப்பிட்டேன்.”

இசக்கிப்பாண்டி துப்பறியும் நிலையத்தில் சேர்ந்த இந்த இரண்டு வருடத்தில், திருடனே போலீசுக்குப் போன் போட்டு, வந்தவர்களுக்குச் சாக்லேட்டும் கொடுத்து, தன் வேலையின் சுத்தத்தையும் புகழ்ந்துகொண்ட கேஸ் இதுதான் முதல்.

“உங்க மூளை நல்லாத்தான் வேலை பாத்திருக்கு” என்றாள் வீரலட்சுமி. “இந்தத் தாள்தான் விட்டு விட்டு வேலை பாத்திருக்கு. இது ஒரு பக்கம் வெள்ளி, அதுல கரண்ட் போகும். மறுபக்கம் கலர் பூச்சு, அதுல போகாது. நீங்க அழகா இருக்கட்டும்னு கலரை வெளிய வச்சுச் சுத்திட்டீக. பூச்சு எங்கன உரசித் தேஞ்சிருக்கோ அங்கன முட்டுனா மட்டும் பீப். மினுமினுப்புல கரண்ட் போகாது முதலாளி.”

சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் நின்றாள். தான் சொன்ன கடைசி வாக்கியத்தைத் திரும்பக் கேட்டுக்கொள்வது போல இருந்தது அவள் முகம். கக்கத்திலிருந்த ரெஜிஸ்டரை எடுத்தாள்.

“இசக்கியண்ணே, மீட்டருக்குள்ள போடுற கண்ணாடி பியூஸ் ஒண்ணு உடனே வேணும்.”

இசக்கிப்பாண்டி போனை எடுத்தார். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அவருடைய பழைய டிரைவர் இன்னும் ஸ்டீயரிங் பிடிக்கிறார். எலக்ட்ரிக்கல் கடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். மீட்டரின் முதுகில் எழுதியிருந்த அளவை பாண்டிச்செல்வி படிக்கப் படிக்க, அவர் போனில் இரண்டு தடவை ஒப்பித்தார். “கண்ணாடி! கண்ணாடிக் குழாய்! எண்ணிக் கேளு, அளந்து கேக்காத!” என்று முடித்தார்.

மூன்றே முக்காலுக்குக் கம்பெனி வாசலில் மினி பஸ் ஹாரன் அடித்தது. புது பியூஸை பாண்டிச்செல்வியே போட்டு, இரண்டு ஸ்க்ரூவையும் முறுக்கினாள். முனைகளைச் சேர்த்தாள். பீப். இரண்டு விரலால் பிடித்தாள். பீப். காளிராஜிடமே கொடுத்தாள். அவர் கையிலும் பீப் என்றது.

“என் கையில கத்துது!” என்று குழந்தையைப் போலச் சிரித்தார் அவர். “அப்ப கேஸ் முடிஞ்சது. கோளாறு மீட்டர்ல. எர்த் சரியாத்தான் இருந்திருக்கு. பதினேழைத் தொறங்க!”

“கேஸ் முடியல” என்றாள் வீரலட்சுமி. “நடங்க, பதினேழுக்கே போவோம்.”

பதினேழாம் நம்பர் அறை வரிசையின் முன்னால், வெளியாட்கள் வந்தால் முதலில் கண்ணில் படும் இடத்தில் இருந்தது. படிக்கு வெளியே நான்கு பெண்கள் தூக்குவாளியோடு காத்திருந்தார்கள். நாலு மணிக்குத் திறக்கும் என்று சொல்லியிருந்தார்களாம். அவர்களில் மூத்தவள், பாண்டிச்செல்வியின் அதே மூக்கும் முழியும், அதுதான் குருவம்மாள்.

“என்னடி செல்வி, இன்னைக்காவது கத்துமா ஒன் மீட்டரு?”

“தள்ளி நில்லுக்கா.”

வீரலட்சுமி ரெஜிஸ்டரைத் திறந்து முதலாளியின் முன்னால் நீட்டினாள்.

“நாப்பது ரூம். எல்லா ரூமுக்கும் வருது, வரலன்னு மாறி மாறி எழுதியிருக்கா. விட்டு விட்டுக் கத்துற மீட்டருன்னா அப்படித்தான் இருக்கணும். பதினேழைப் பாருங்க. மூணு நாள்ல இருபத்திமூணு தடவை பாத்திருக்கா. இருபத்திமூணும் ‘வரல’. கோளாறான மீட்டருக்குக்கூட எப்பவாவது ஒரு தடவை வாய் வரும். இங்கன மட்டும் ஏன் ஒரு தடவைகூட வரல?”

பாண்டிச்செல்வி கறுப்பு முனையைக் கம்பியில் மாட்டினாள். சிவப்பு முனையைத் தகட்டில் வைத்தாள்.

சத்தம் இல்லை.

“தட்டிப் பாரு, தட்டிப் பாரு” என்றார் காளிராஜ்.

அவள் தட்டவில்லை. முனைகளை ஒன்றோடொன்று சேர்த்தாள். பீப். மறுபடி தகட்டில் வைத்தாள். சத்தமே இல்லை. இரண்டு விரலால் பிடித்தும், கை நிறையப் பிடித்தும், இசக்கிப்பாண்டியின் டிக்கெட் மிஷின் பிடியிலும் வைத்துப் பார்த்தார்கள். தகடு வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் எல்லாரும் தகட்டையே பார்த்தார்கள். மற்ற வாசல்களில் தகடு கைபட்டுக் கைபட்டுச் செம்பு நிறத்தில் தேய்ந்திருக்கும். இது மட்டும் கோயில் கலசம் மாதிரி தகதகத்தது.

“இதுக்குத் தங்க பெயிண்ட் அடிச்சது யாரு?” என்றாள் வீரலட்சுமி.

கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“மூணு வாரத்துக்கு முன்னால ஆர்டர் பேச ஆள் வந்தாக...” காளிராஜின் குரல் தேய்ந்தது. “மொதல்ல கண்ணுல படுற ரூமு பளிச்சுனு இருக்கட்டுமேன்னு... ரெண்டு கோட்டு...”

“மீட்டர்ல பியூஸ் போன வாரம்தான் போச்சு. அதுக்கு முன்னால பெயிண்ட் மேல எப்படிம்மா பீப் வந்துச்சு?” என்று பாண்டிச்செல்வியிடம் திரும்பினார் இசக்கிப்பாண்டி.

“பெயிண்ட் அடிச்சதுல இருந்து இந்தத் தகட்டுல கீறல் விழக் கூடாதுன்னு உத்தரவு” என்றாள் அவள். “தகட்டுக்குப் பின்னால இருக்குற போல்ட்ல வச்சுப் பாக்கச் சொன்னாக. அங்கன பீப் வரும். மனசு கேக்கல. லீவு முடிஞ்சு வந்ததுல இருந்து தகட்டுலயே வச்சுப் பாக்க ஆரம்பிச்சேன்.”

நான்கு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குருவம்மாள் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“லீவுக்கு முன்னால ரெண்டு வாரம் நாங்க நாலு பேரும் இதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான உள்ள போனோம்” என்றாள் மெதுவாக. “அது பெயிண்டையா தொட்டோம்?”

காளிராஜ் படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடமாக மருந்தோடு பழகியவர். அந்த இரண்டு வாரத்தில் என்ன நடந்திருக்கலாம் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெயிலில் அவர் முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. பயத்தில் அவர் அழுததை அன்றுதான் அந்தப் பெண்கள் பார்த்தார்கள்.

“உங்க மேஜைச் சாவி பித்தளைதான முதலாளி? குடுங்க. இரும்புன்னா பொறி வரும்” என்றாள் பாண்டிச்செல்வி.

வாங்கி, தகட்டின் நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டினாள். தங்கம் உதிர்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. சிவப்பு முனையை வைத்தாள்.

பீப்.

குருவம்மாள் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாண்டிச்செல்விக்கு மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது உடைந்து, கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல் அப்படியே நின்றாள்.

ஆனால் பூட்டைத் திறக்கவில்லை. ரெஜிஸ்டரை வாங்கி, பதினேழுக்கு நேரே எழுதினாள். ‘பெயிண்ட் முழுசும் சுரண்டும்வரை திறக்கக் கூடாது.’ கீழே கையெழுத்துப் போடச் சொல்லி முதலாளியிடம் பேனாவை நீட்டினாள். அவர் மறுபேச்சில்லாமல் போட்டார்.

பிறகு சட்டைப்பையில் கையை விட்டு அந்த லெட்டரை எடுத்தார். நான்காகக் கிழித்தார். வேறு என்ன செய்வது, என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தார். ஒரு சாக்லேட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

பாண்டிச்செல்வி வாங்கிப் பிரித்தாள். சாக்லேட்டை அக்காவின் வாயில் ஊட்டினாள். தாளை நான்காக மடித்து ரெஜிஸ்டருக்குள் வைத்தாள்.

“இனிமே இந்தத் தாள் எல்லாம் என்கிட்ட வந்துரணும், முதலாளி. ஒண்ணுகூட உங்ககிட்ட இருக்கக் கூடாது.”

காளிராஜ் தலையை ஆட்டினார். சட்டைப்பையில் இருந்த பழைய தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் வைத்தார். மொத்தம் பதினொன்று இருந்தது. கருப்பணன் பென்சிலை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.